இணைப்புச் சக்கர ஸ்கூட்டரைக் குறுகிய இடத்தில் நிறுத்துதல்

இணைப்புச் சக்கர ஸ்கூட்டர் என்பது வழக்கமான ஸ்கூட்டரின் பின்சக்கரத்துக்கு இருபுறமும் ஒவ்வொரு துணைச் சக்கரம் பொருத்தி, கால்களைத் தரையில் ஊன்ற இயலாதவர் ஓட்டுவதற்கு ஏற்ப மாற்றியமைக்கப்பட்ட ஊர்தி ஆகும். பேச்சு வழக்கில் இது "மூன்று சக்கர வண்டி" என அழைக்கப்படுகிறது. நடுவிலுள்ள பழைய பின்சக்கரமும் அப்படியே இருப்பதால், பெரும்பாலான இத்தகைய ஊர்திகளில் உண்மையில் நான்கு சக்கரங்கள் உள்ளன. எனினும் தரையில் நிற்கும் முறையிலும் திரும்பும் முறையிலும் இது முன்னால் ஒன்றும் பின்னால் இரண்டுமாகச் சக்கரங்கள் கொண்ட மூன்று சக்கர ஊர்தியைப் போன்றே இயங்குகிறது.

சாலையில் ஓட்டுவதைக் காட்டிலும் வீட்டின் குறுகிய இடத்தில் இதை நிறுத்தி மீண்டும் வெளியே எடுப்பது கடினமானது. சாதாரண ஸ்கூட்டரை ஓட்டுபவர் இறங்கி நின்று வண்டியைப் பின்னுக்கு இழுத்துவிடுவார். இவ்வூர்தியை ஓட்டுபவருக்கு அது இயலாது. ஆகவே நிறுத்துமிடத்தின் அளவும் அமைப்புமே அவர் பிறர் உதவியின்றி வெளியே சென்று வர இயலுமா என்பதைத் தீர்மானிக்கின்றன. இக்கட்டுரை அதன் வடிவியலையும் நடைமுறையையும் விளக்குகிறது.

பயன்படுத்துவோர்

இளம்பிள்ளை வாதம் (போலியோ), தண்டுவடக் காயம், விபத்தில் கால் இழப்பு, தசைச் சிதைவு போன்றவற்றால் கால்கள் பாதிக்கப்பட்டோர் இவ்வூர்தியைப் பயன்படுத்துகின்றனர். இந்தியாவில் இயற்கைப் போலியோ தீநுண்மத்தின் கடைசி நோயாளி 2011 சனவரியில் மேற்கு வங்காளத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச்சு 27 அன்று உலக சுகாதார அமைப்பு இந்தியாவை உள்ளடக்கிய தென்கிழக்கு ஆசிய வட்டாரத்தைப் போலியோ அற்றதாக அறிவித்தது. புதிய பாதிப்பு நின்றுவிட்டாலும், முந்தைய பத்தாண்டுகளில் பாதிக்கப்பட்டோர் இன்று நடுத்தர வயதில் வேலைக்கும் தொழிலுக்கும் சென்று வருகின்றனர்.

தமிழ்நாடு அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை, கால்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாணவர், பணிக்குச் செல்வோர், சுயதொழில் செய்வோர் ஆகியோருக்கு இணைப்புச் சக்கரங்கள் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டரை விலையின்றி வழங்குகிறது. இதற்கான விண்ணப்பங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகங்கள் வழியாகப் பெறப்படுகின்றன.

வரலாற்றுப் பின்னணி

உடல் ஊனமுற்றோருக்கான சிறு மோட்டார் ஊர்திகள் இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரித்தானியாவில் பெருமளவில் புழங்கின. பெர்ட் கிரீவ்சு என்னும் பொறியாளர், இயக்கமற்ற கால்களைக் கொண்ட தம் உறவினர் டெர்ரி பிரெஸ்டன்-காப் என்பவருக்காகச் சக்கர நாற்காலி ஒன்றில் மோட்டார் பொருத்தியதிலிருந்து "இன்வாகார்" என்னும் மூன்று சக்கர ஊர்தி உருவானது. அரசு இதைப் பயனாளிகளுக்கு நெடுங்காலம் வழங்கி வந்தது. பாதுகாப்புக் காரணங்களால் 2003 மார்ச்சு 31-உடன் அரசு வழங்கிய இவ்வூர்திகள் சாலையிலிருந்து விலக்கப்பட்டன.

இன்வாகார் இதற்கெனவே வடிவமைக்கப்பட்ட ஊர்தி. இந்தியாவிலோ சந்தையில் கிடைக்கும் ஸ்கூட்டரை வாங்கி, அதில் துணைச் சக்கரங்களைப் பொருத்தும் முறையே பரவியது. இதனால் விலை குறைவு. உதிரிப் பாகங்கள் எந்த ஊரிலும் கிடைக்கும். தெருமுனைப் பழுதுபார்ப்பவரே சரிசெய்துவிடுவார். ஆனால், ஓட்டுபவர் கால் ஊன்றுவார் என்ற எண்ணத்தில் செய்யப்பட்ட ஸ்கூட்டரின் குறைகளும் உடன் வந்துவிடுகின்றன. அவற்றுள் முதன்மையானது பின்னோக்குக் கியர் இல்லாமை.

ஊர்தியின் அமைப்பு

நிறுத்துதலைப் பாதிக்கும் கூறுகள் வருமாறு:

- இயக்கும் சக்கரம்: எந்திரத்தின் விசை நடுச் சக்கரத்துக்கு மட்டுமே செல்கிறது. துணைச் சக்கரங்கள் தனித்தனியே தடையின்றி உருள்வன. ஆட்டோ ரிக்சாவில் பின்சக்கரங்கள் இரண்டும் டிஃபரென்ஷியல் எனப்படும் பல்லிணை அமைப்பின் வழியே இயக்கப்படுகின்றன. பின்னோக்குக் கியரும் உண்டு.
- கிளட்ச்: கியர் இல்லாத ஸ்கூட்டர்களில் எந்திரம் வேகமெடுக்கும்போது மட்டும் பற்றும் மையவிலக்கு கிளட்ச் உள்ளது. எந்திரம் நின்றிருக்கும்போது பின்சக்கரம் தாராளமாக உருளும். எனவே சரிவில் "கியரில் போட்டு" நிறுத்த இயலாது. பிரேக்கை மட்டுமே நம்ப வேண்டும்.
- சாயாமை: இருசக்கர வண்டி திருப்பத்தில் உட்புறமாகச் சாய்ந்து தன்னைச் சமன் செய்துகொள்ளும். துணைச் சக்கரங்கள் பொருத்திய வண்டி சாயாது. ஆகவே வேகமாகத் திருப்பினால் வெளிப்புறமாகக் கவிழ முயலும்.
- அகலம்: சாதாரண ஸ்கூட்டரின் அகலம் ஏறத்தாழ 0.7 மீட்டர். துணைச் சக்கரங்களுடன் அது ஒரு மீட்டரைக் கடந்துவிடலாம். மேலும் மிக அகலமான பகுதி ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால், கண்ணுக்குப் படாத இடத்தில் உள்ளது.

திரும்புதலின் வடிவியல்

கீழ்க்காணும் கணக்கில் ஊர்தியின் முன், பின் அச்சுகளுக்கு இடையேயான தூரம் 1.25 மீட்டர் எனவும், துணைச் சக்கரங்களின் வெளி விளிம்புகளுக்கு இடையேயான அகலம் 1.1 மீட்டர் எனவும் கொள்ளப்பட்டுள்ளன. தம் வண்டியை அளந்து இவ்வெண்களை மாற்றிக்கொள்ளலாம்.

மெதுவாகத் திரும்பும் ஊர்தியின் எல்லாச் சக்கரங்களும் ஒரே புள்ளியை மையமாகக் கொண்ட வட்டங்களில் செல்கின்றன. அம்மையம் பின் அச்சின் நேர்கோட்டில் அமையும். அச்சிடைத் தூரத்தைக் கைப்பிடி திரும்பிய கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பால் வகுத்தால், பின் அச்சின் நடுப்புள்ளி செல்லும் வட்டத்தின் ஆரம் கிடைக்கும்.

- கைப்பிடி 30 பாகை திரும்பினால்: நடுப்புள்ளியின் ஆரம் 2.17 மீட்டர், ஊர்தியின் வெளி விளிம்பு செல்லும் ஆரம் ஏறத்தாழ 2.75 மீட்டர், முழுவதும் திரும்பத் தேவையான அகலம் 5.5 மீட்டர்.
- கைப்பிடி 40 பாகை திரும்பினால்: நடுப்புள்ளியின் ஆரம் 1.49 மீட்டர், வெளி விளிம்பின் ஆரம் ஏறத்தாழ 2.1 மீட்டர், முழுவதும் திரும்பத் தேவையான அகலம் 4.2 மீட்டர்.

இரண்டாவது நிலையில் உட்புறத் துணைச் சக்கரத்தின் ஆரம் 0.94 மீட்டர் மட்டுமே. முன்சக்கரமோ 1.94 மீட்டர் ஆரத்தில் செல்கிறது. அதாவது உட்புறத் துணைச் சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தைவிட ஒரு மீட்டர் அளவுக்கு உள்ளே வெட்டிச் செல்கிறது. முன்சக்கரம் வாசல் தூணைத் தாண்டிய பின் துணைச் சக்கரம் தூணில் இடிப்பதற்கு இதுவே காரணம்.

நுழைதலும் வெளியேறலும்

மேற்கண்ட எண்களிலிருந்து ஒரு முக்கியமான முடிவு கிடைக்கிறது. தெருவின் வழியே வந்து, 90 பாகை திரும்பி ஒரு வாசலுக்குள் முன்னோக்கி நுழைய 2.5 மீட்டர் அகலமான தெருவும் 1.4 மீட்டர் அகலமான வாசலும் போதும். ஆனால் உள்ளே சென்றபின் முன்னோக்கியே வெளியே வர வேண்டுமானால், உள்ளே 4.2 மீட்டருக்கு மேல் அகலம் வேண்டும். சிறிய வீடுகளில் இவ்வளவு இடம் கிடைப்பது அரிது.

ஆகவே நுழைய முடிகிறதா என்று மட்டும் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுப்பது தவறு. வெளியேறும் வழியை முதலில் முடிவு செய்ய வேண்டும். அதற்குரிய வழிகள்:

1. இருபுறமும் திறந்த இடம்: முன்புறம் நுழைந்து பின்புறமோ பக்கவாட்டிலோ வெளியேறுதல். இரு தெருக்களுக்கு இடைப்பட்ட மனைகளில் இது எளிது.

2. பின்னோக்குக் கியர்: துணைச் சக்கர அமைப்புடன் பின்னோக்கி இயக்கும் பொறியையும் சேர்த்துப் பொருத்தும் முறைகள் உள்ளன. ஏத்தர் 450 (2018) முதலிய மின் ஸ்கூட்டர்களில் பின்னோக்கிச் செல்லும் வசதி தொழிற்சாலையிலேயே தரப்படுகிறது. இவ்வசதி இருந்தால் 2.5 மீட்டர் தெருவே நுழையவும் வெளியேறவும் போதுமானது.

3. சுவர்க் கைப்பிடி: ஊர்தி, துணைச் சக்கரங்கள், ஓட்டுபவர் எல்லாம் சேர்ந்து 200 கிலோகிராம் எனக் கொண்டால், மட்டமான சிமெண்டுத் தரையில் அதை உருட்ட ஏறத்தாழ 4 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை போதும். இது கையால் இழுக்கக்கூடிய அளவே. கால் ஊன்ற இயலாதவருக்கு இல்லாதது வலிமை அன்று. பற்றிக்கொள்ள ஓர் இடமே. பக்கச் சுவரில் தோளுக்குச் சற்றுக் கீழான உயரத்தில் நீளவாக்கில் ஒரு குழாயைப் பதித்தால், அதைப் பற்றி வண்டியைத் தாமே பின்னுக்குத் தள்ளலாம்.

4. மென்சரிவு: உட்பகுதி சற்று உயர்ந்தும் வாசல் சற்றுத் தாழ்ந்தும் இருந்தால், பிரேக்கை மெல்லத் தளர்த்தி வண்டியைப் பின்னோக்கி உருளவிடலாம். தரையின் உராய்வைக் கடக்க, ஐம்பதுக்கு ஒன்று என்பதைக் காட்டிலும் சற்றுக் கூடுதலான சரிவு தேவை. தெருவுக்குள் பின்னோக்கி இறங்க நேர்வதால் இருபுறக் கண்ணாடிகளும் எச்சரிக்கையும் இன்றியமையாதன.

சாய்தளம்

வாசற்படியைக் கடக்கச் சாய்தளம் தேவை. சக்கர நாற்காலிகளுக்காகப் பரிந்துரைக்கப்படும் சரிவு 12-க்கு 1 ஆகும். 15 செ.மீ. உயரப் படிக்கு 1.8 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும்; 45 செ.மீ. உயரத்துக்கு 5.4 மீட்டர் வேண்டும். முன்பக்கம் தெருவைத் தொட்டு நிற்கும் வீட்டில் பிந்தையது இயலாத ஒன்று.

12-க்கு 1 சரிவில் 200 கிலோகிராம் வண்டியைக் கையால் மேலே தள்ள ஏறத்தாழ 20 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை தேவை. அமர்ந்த நிலையில் இது பெரும்பாலோருக்குக் கடினம். பிரேக் இல்லாமல் 1.8 மீட்டர் உருண்டால் வண்டி மணிக்கு 5 கி.மீ. வேகத்தைத் தாண்டிவிடும். ஆகவே சுவர்க் கைப்பிடி மட்டத் தரைக்கும், எந்திர விசை மேல் ஏறுவதற்கும், பிரேக் கீழ் இறங்குவதற்கும் உரியவை.

சாய்தளத்தின் அகலம் மூன்று பின் சக்கரங்களையும் தாங்க வேண்டும். இரு துணைச் சக்கரங்கள் மேட்டிலும் நடுச் சக்கரம் பள்ளத்திலும் நின்றால், நடுச் சக்கரம் தரையை அழுத்தாமல் வீணாகச் சுழலும். சாக்கடை மேல் இடைவெளி விட்டுப் போடப்பட்ட இரு கற்பலகைகள் இத்தகைய நிலையை ஏற்படுத்தும். பின் பிரேக்கும் நடுச் சக்கரத்திலேயே இருப்பதால், அப்போது வண்டியை நிறுத்தும் பிடிப்பும் குறைந்துவிடும்.

நிறுத்தும் முறை

பின்னோக்குக் கியர் உள்ள ஊர்தியைப் பின்புறமாக உள்ளே நிறுத்துவதே சிறந்தது. காலையில் முன்னோக்கி, தெருவைப் பார்த்தபடி வெளியேறலாம்.

- வாசலைக் கடந்து, பின் அச்சு வாசலின் அப்புறத் தூணையும் சற்றுத் தாண்டும்வரை முன்னே சென்று நிற்கவும்.
- பின்னோக்கிச் செல்லும்போது கைப்பிடியை எப்பக்கம் திருப்புகிறோமோ அப்பக்கமே வண்டியின் பின்பகுதி செல்லும். வாசல் இடப்புறம் இருந்தால் கைப்பிடியை இடப்புறம் திருப்ப வேண்டும்.
- அப்போது வண்டியின் முன்பகுதி வலப்புறமாக வீசும். அங்கு வேறு வண்டியோ குழந்தைகளோ இல்லை என்பதை முன்னரே பார்த்துக்கொள்ளவும்.
- உட்புறத் துணைச் சக்கரம் வாசல் தூணைக் கடப்பதைக் கண்ணாடியில் கவனிக்கவும். தரையில் வெள்ளைக் கோடு ஒன்று வரைந்து வைத்தால், ஒவ்வொரு முறையும் கணிக்க வேண்டியதில்லை.
- வண்டி நேரானதும் கைப்பிடியை நேராக்கவும். எந்திரத்தை அணைத்து, பிரேக்கைப் பூட்டிய பின்னரே இறங்கவும்.

பின்னோக்குக் கியர் இல்லாத வண்டியில், நுழையுமுன் தூணிலிருந்து விலகி அகலமாகத் திரும்ப வேண்டும். பாதி நுழைந்தபின் தவறு தெரிந்தால் தனியாகத் திருத்திக்கொள்வது கடினம்.

இறங்குவதற்கான இடம்

வண்டி உள்ளே அடங்கினால் மட்டும் போதாது. ஓட்டுபவர் ஊன்றுகோலுக்கோ சக்கர நாற்காலிக்கோ மாற வேண்டும். ஒரு பக்கத்தில் 0.9 மீட்டர் இடைவெளி, வண்டிக்கு 1.1 மீட்டர், மறுபக்கச் சுவருக்கும் வண்டிக்கும் இடையே 0.1 முதல் 0.2 மீட்டர் எனக் கொண்டால், நிறுத்துமிடத்தின் உள்ளகலம் ஏறத்தாழ 2.2 மீட்டர் ஆகும். சுவர்க் கைப்பிடி நெருங்கிய சுவரிலும், இறங்கும் இடம் மறுபக்கத்திலும் அமைய வேண்டும். எப்பக்கம் இறங்குவது என்பதை எக்கை, எக்கால் வலுவானது என்பதைப் பொறுத்து ஓட்டுபவரே முடிவு செய்ய வேண்டும். எனவே கொத்தனார் வேலை தொடங்குமுன் அவரை வண்டியுடன் அவ்விடத்தில் நிறுத்திப் பார்ப்பது நல்லது.

கவிழும் ஆபத்து

கைப்பிடியை முழுவதும் திருப்பிய நிலையில், 1.49 மீட்டர் ஆரத்தில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் சென்றால் பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதியைத் தாண்டுகிறது. ஓட்டுபவருடன் சேர்ந்த ஈர்ப்பு மையம் 0.7 மீட்டர் உயரத்தில் இருந்தால், உட்புறச் சக்கரம் தரையை விட்டு எழ இதுவே போதுமானதாகலாம். வேகம் பாதியானால் இம்முடுக்கம் கால்பங்காகக் குறையும். ஆகவே வாசலில் திரும்பும்போது நடைவேகமே பாதுகாப்பானது. சாய்தளத்தின் மேல் திரும்புவதைத் தவிர்க்க வேண்டும். மட்டத் தரையில் திரும்பி முடித்து, நேராகவே ஏறவும் இறங்கவும் வேண்டும்.

காஞ்சிபுரம் பகுதியில்

காஞ்சிபுரம் பட்டு நெசவும் கோயில்களும் நிறைந்த பழைய நகரம். பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் தெருவை ஒட்டிய திண்ணையும், குறுகிய முகப்பும், உள்நோக்கி நீண்ட அமைப்பும் கொண்ட பழைய வீடுகள் உள்ளன. வீட்டின் உட்பகுதி தறிக்கு உரியது. குழித்தறியில் மிதிகட்டைகளைக் காலால் இயக்க வேண்டியிருப்பதால், கால் பாதிக்கப்பட்டவர் நூல் சுற்றுதல், விற்பனை, கணக்கு போன்ற பணிகளுக்கோ வெளி வேலைக்கோ செல்ல நேர்கிறது. அதற்கு வண்டி வேண்டும். வண்டிக்கு இடம் வேண்டும். திண்ணையின் ஒரு பகுதியை நீக்கித் தரை மட்டத்தில் 2.2 மீட்டர் அகலமான இடம் அமைப்பது ஒரு தீர்வு. ஆனால் பின்னோக்குக் கியரோ சுவர்க் கைப்பிடியோ இல்லையெனில் அவ்விடமும் பயன் தராது.

காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள திருமுக்கூடல், பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று ஆறுகள் கூடும் ஊர். இங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலின் வீரராசேந்திர சோழன் காலக் கல்வெட்டு (11-ஆம் நூற்றாண்டு), 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை ஒன்றையும், அதில் பணியாற்றிய மருத்துவர், அறுவை மருத்துவர் முதலியோரையும், இருப்பிலிருந்த மருந்துகளையும் குறிப்பிடுகிறது. இத்தகைய சிற்றூர்களில் வசிப்போர் கல்லூரிக்கும் அலுவலகத்துக்கும் காஞ்சிபுரம், வாலாசாபாத் போன்ற ஊர்களுக்குச் செல்ல வேண்டியுள்ளது. பேருந்தின் உயரமான படிகளில் ஏற இயலாதவருக்குச் சொந்த ஊர்தியே வழி.

பொது இடங்களில்

இருசக்கர வண்டிகளுக்கான நிறுத்தங்களில் வண்டிகள் நெருக்கமாக வரிசையில் நிறுத்தப்படுகின்றன. இணைப்புச் சக்கர ஸ்கூட்டர் அங்கே இரு வண்டிகளின் இடத்தை எடுத்துக்கொள்கிறது. பின்னால் வேறு வண்டிகள் நிறுத்தப்பட்டால் உரியவர்கள் வரும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. எனவே கோயில், அலுவலகம், மருத்துவமனை போன்ற இடங்களில் இவ்வூர்திகளுக்கு வரிசையின் முனையில், முன்னோக்கி நுழைந்து முன்னோக்கியே வெளியேறும்படி தனியிடம் குறித்தல் தேவை.

சட்டநிலை

மோட்டார் வாகனச் சட்டம், 1988 முதலில் இயலாதோர் ஊர்தி என்பதைத் தனியாக வடிவமைத்துக் கட்டப்பட்டதாகவும், வெறுமனே மாற்றியமைக்கப்படாததாகவும் வரையறுத்திருந்தது. 2019-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அதற்கு மாற்றாகத் தகவமைத்த ஊர்தி என்னும் வரையறையைக் கொண்டுவந்து, பின்னர் மாற்றம் செய்யப்பட்ட ஊர்திகளையும் அதில் சேர்த்தது. ஊர்தியில் செய்யப்படும் மாற்றங்கள் இச்சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி பதிவுச் சான்றில் இடம்பெற வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 41-ஆம் பிரிவு, ஊர்திகளைத் தகவமைத்தல் உள்ளிட்ட தனிநபர் இயக்க வசதிகளுக்கான திட்டங்களை அரசு உருவாக்க வேண்டும் எனக் கூறுகிறது.

இவற்றையும் பார்க்க

- ஆட்டோ ரிக்சா
- சக்கர நாற்காலி
- இளம்பிள்ளை வாதம்
- சாய்தளம்
- திருமுக்கூடல்